மூளைக்கு இரண்டு ஸ்பேர்

1. செவ்வாய்க்கிழமை, துறைமுகச் சாலையில் கப்பல் குழாய் இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் கேஸ்கட் வெட்டும் அண்ணாச்சியிடம் பன்னிரண்டு துண்டுகள் கேட்டேன். ஒரே அளவு, ஒரே சாய்வு.

2. வியாழக்கிழமை பதினான்கு வந்தன. அடுக்கிப் பார்க்க மறந்துவிட்டேன்.

3. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, ஒரு கல்லூரியில் நிரந்தர வேலைக்கான மாதிரி வகுப்பு. ஒன்பதே முக்காலுக்குப் பன்னிரண்டையும் அடுக்கினேன். வளையம் மூடவில்லை.

நான் நடத்தவேண்டிய பாடம், நம் மூளையில் இருக்கும் ஒரு கைனேஸ் புரதம். அது தனியாளாக இருக்காது. அதன் துண்டுகள் மேலே ஆறு, கீழே ஆறு என இரண்டு அடுக்காகச் சேர்ந்து வளையமாகிவிடும். அதற்கு மாடல்தான் இந்த ரப்பர் துண்டுகள். எதற்கு அந்தப் புரதம்? நினைவாற்றலுக்கு! (மேலே 2-ஆம் குறிப்பை மறுபடி படிக்கவும்.)

அண்ணாச்சிக்கு போன் போட்டேன்.

“நான் சொன்ன அளவுக்குத்தான வெட்டுனீங்க?”

“அளவுக்கு வெட்டிட்டு, ரெண்டு பக்கமும் கொஞ்சம் சீவிவிட்டேன். டைட்டா போட்டா ரப்பர் எங்கன விரியும்?”

அவருடைய ‘கொஞ்சம்’, அறுபது டிகிரித் துண்டுக்குக் கிட்டத்தட்ட ஒன்பது டிகிரி.

“சரி, பதினாலு எதுக்கு அண்ணாச்சி?”

“ரெண்டு ஸ்பேர். நடுக்கடல்ல ஒண்ணு கிழிஞ்சா கப்பல்காரன் எங்க போயி வாங்குவான்?”

“இது கப்பல் இல்ல... மூளை!”

“ஏளா, மூளைக்கு ஸ்பேர் வேண்டாமா?”

போனை வைத்துவிட்டு இடைவெளியைப் பார்த்தேன். மேலே ஒரு துண்டு அகலம், கீழே ஒரு துண்டு அகலம். ஸ்பேர் இரண்டையும் செருகினேன். வளையம் அழகாக மூடிக்கொண்டது.

தேர்வுக்குழுவில் மூன்று பேர். முதல்வர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியை மட்டும் பேனா முனையால் எண்ணினார்.

“ஸ்லைடுல பன்னெண்டு. மேஜையில பதினாலு. எதும்மா சரி?”

மாடல் தப்பு என்று சொல்லிவிடலாமா? இல்லை, வேண்டுமென்றேதான் வைத்தேன் என்று கதை அளக்கலாமா?

“ரெண்டுமே சரி மேடம். இயற்கையில பன்னிரண்டும் உண்டு, பதினாலும் உண்டு. பாடம் சுலபமா இருக்கட்டும்னு நான்தான் பதினாலை விட்டுட்டேன். மேஜையில இருக்கிறது... கேஸ்கட் கடைக்காரர் போட்ட ஸ்பேர்.”

மூன்றாமவர் வாயைப் பொத்திக்கொண்டார். பேராசிரியை சிரிக்கவில்லை.

“அப்ப பதிமூணு?”

“வளையம் மூடாது மேடம். மேலே ஒண்ணு சேர்ந்தா கீழேயும் ஒண்ணு சேரணும். ஜோடியாத்தான் உள்ள வரும்.”

“எங்க ஸ்டாஃப் ரூம்ல லீவு கேட்டு வர்ற மாதிரி,” என்றார் முதல்வர். அதற்குத்தான் பேராசிரியை சிரித்தார்.

யோசித்துப் பார்க்கிறேன். படித்த நான் குழப்பம் வேண்டாம் என்று இரண்டைக் கழித்தேன். கப்பலைப் பார்த்துப் பழகியவர், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டைக் கூட்டினார். புரதத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் புரதம் அவர் பக்கம்தான் சாய்ந்தது!

இன்றைய நிலவரம்: வேலை கிடைத்துவிட்டது. ஸ்லைடில் பதினான்கும் ஏறிவிட்டது. ஸ்பேர் இரண்டும் வளையத்துக்குள் போய்விட்டதால், அண்ணாச்சி இன்னும் இரண்டு வெட்டிக் கொடுத்திருக்கிறார்.