ஷாத்லியின் இடது காது

பதிவுக்கு உட்காரும்போது ஷாத்லி முதலில் இடது காதில் ஒரு சின்ன இயர்போனைச் செருகிக்கொள்வார். அதற்கு மேல் பெரிய ஹெட்போன். அதன் வலது கிண்ணம் காதின் மேல் அழுந்தி நிற்கும். இடது கிண்ணத்தை மட்டும் காதுக்குப் பின்னால், எலும்பின் மேல், ஒரு விரலால் தள்ளிவைப்பார். வலது காது பாட்டுக்கு. இடது காது, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் கணினியின் குரலுக்கு. அவர் அதை ஓடவிடும் வேகத்தில் எங்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது.

பிறவியிலேயே பார்வை இல்லாதவர். ஸ்ஃபாக்ஸ் நகரில் ஓர் அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் தொலைபேசி இணைப்பு கொடுத்தார். அந்த வேலையை இனி எந்திரமே பார்த்துக்கொள்ளும் என்று சொன்ன வாரத்தில்தான் பதிவு மென்பொருளைக் கற்கத் தொடங்கினார். அல்ஜீரியாவில் இவரைப் போன்ற ஒருவர் பேசிப் பதிந்து அனுப்பும் பாடங்கள்தான் பள்ளிக்கூடம். மவுஸ் கிடையாது, எல்லாம் விசைகள். அழைப்புக்கும் அழைப்புக்கும் நடுவே அவர் விரல்கள் முழங்காலில் பழகிக்கொண்டிருக்கும்.

நான் தர்புகா மேளம் வாசிக்கும் ஸ்டுடியோவுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. முதலாளி மொன்செஃப் ஒரு நிபந்தனை வைத்தார்: யார் துணையும் இல்லாமல் ஷாத்லி ஒரு பாட்டை முழுசாகப் பதிந்து காட்ட வேண்டும். தேறினால் வேலை. பழைய வேலை முடிய இருபது நாள் இருந்தது.

பாடியவர் கல்யாணப் பாடகி முன்ஜியா. கடலில் போய்த் திரும்பாத தம்பிக்காக அவரே கட்டிய பாட்டு. ஒரே அறைதான், கண்ணாடித் தடுப்பெல்லாம் இல்லை. ஷாத்லியின் நாற்காலிக்குப் பின்னால், திரையைப் பார்த்தபடி முன்ஜியா நின்றார். கதவோரம் உட்கார்ந்திருந்த எனக்கும் மொன்செஃபுக்கும் திரையின் முதுகுதான் தெரிந்தது.

முதல் வரியிலேயே முன்ஜியா நிறுத்தினார். "யா ஷாத்லி, உன் காதுக்குள்ள யாரு, மாமியாரா? மூச்சு விடாம பேசுறாளே! மைக்ல விழுந்துடப் போகுது."

"மாமியார்னா நிறுத்த முடியாதுக்கா. இதுக்கு ஒரு விசை இருக்கு."

பதிவை நிறுத்தி, உடனே குரலையும் அணைத்தார். இனி விரல் நினைவுதான். விசையைத் தட்டி, தலையசைத்தார். முன்ஜியா பாடினார். இரண்டாம் அடியில் ஒருமுறை நின்றுவிடுவார் போலிருந்தது, நிற்கவில்லை. பாடி முடித்தபோது மொன்செஃப் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஷாத்லி குரலை மறுபடி திறந்தார். கேட்டார். கை அப்படியே நின்றது.

"பதிவாகல" என்றார்.

"என்னது?"

"முன்னாடி நிறுத்தினதைச் சேமிக்கவான்னு கேட்டு திரையில ஒரு பெட்டி வந்து நின்னிருக்கு. பதில் சொல்ற வரைக்கும் வேற எந்த விசையையும் வாங்காது. அது வந்தது எனக்குத் தெரியல. தப்பு என்னோடது."

முன்ஜியா தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பாடினார். இந்த முறை பதிவானது. சுத்தமான பாட்டு, குறை சொல்ல ஒன்றுமில்லை. முதலில் கேட்டது அதில் இல்லை.

இரண்டு நாள் கழித்து மொன்செஃப் கூப்பிட்டனுப்பினார். நானும் இருந்தேன்.

"மனசுல வச்சுக்காதய்யா. நீ கெட்டிக்காரன்தான். ஆனா ஒரு பெட்டி வந்தா பாக்க ஒரு ஆள் வேணும்ல? உனக்குப் பக்கத்துல நான் இன்னொருத்தனை உக்கார வைக்கணுமா?"

நான் தர்புகாவின் தோலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நியாயந்தான். குரலை அணைச்சது நான். தப்பு என்னோடது" என்றார் ஷாத்லி. கைகொடுத்துவிட்டுப் போனார். மாதக் கடைசியில் அலுவலக வேலையும் போயிற்று.

அடுத்த கோடையில் மஹ்தியாவில் ஒரு கல்யாணம். வாசிப்புக்கு நடுவே முன்ஜியா என்னிடம் சொன்னார்: இரண்டாம் அடியிலேயே அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டாராம். தம்பிக்கான பாட்டை, யாரும் எடுத்து வைத்துக்கொள்ளாதபடி ஒரே ஒரு தடவை பாடிவிடத் தோன்றியதாம். அதனால் நிறுத்தாமல் பாடினாராம். பதிவு நடந்த அன்று சாயங்காலமே, மொன்செஃப் கூப்பிடும் முன்பே, ஷாத்லியின் வீட்டுக்குப் போய் இதை அவரிடம் சொல்லிவிட்டாராம்.