பெருமாள் உத்தரவு பெற்ற கம்ப்யூட்டர் மொழி

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய பிச்சைமுத்துவுக்குப் பூக்கட்டிப் பார்க்காமல் எதுவும் ஓடாது. பெண் எடுத்தது, மொபெட் வாங்கியது, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டை மூடிவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தது, எல்லாமே சந்நிதியில் இரண்டு பொட்டலம் வைத்து, பட்டர் ஒன்றை எடுத்துக் கொடுத்து முடிவானவைதான்.

இரண்டாயிரத்து ஒன்றில், ஜாவா சொல்லித்தருவதா விசுவல் பேசிக்கா என்று குழம்பியபோதும் கல்லங்குறிச்சிப் பெருமாளிடம்தான் போனார். சம்பங்கி வந்தால் ஜாவா, ரோஜா வந்தால் விசுவல் பேசிக். ரோஜா வந்தது. ‘பெருமாள் உத்தரவு பெற்ற விசுவல் பேசிக்’ என்று போர்டு மாட்டினார். செந்துறையிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்து சேர்ந்தார்கள்.

மறுவருஷமே விசுவல் பேசிக்கை உருவாக்கிய அமெரிக்கக் கம்பெனி, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மொழியை அடியோடு மாற்றிவிட்டது. படித்த பாடம் புதியதில் ஓடவில்லை.

“சார், ஜாவாவுக்கு மாத்துங்க. இல்லன்னா எல்லாரும் திருச்சிக்குப் போயிடுவோம்” என்றாள் வெற்றிச்செல்வி. வகுப்பிலேயே கெட்டிக்காரி. அவள் கிளம்பினால் சென்டரைப் பூட்ட வேண்டியதுதான்.

“பெருமாள் உத்தரவ மீறச் சொல்றியாம்மா?”

“கம்பெனிக்காரனே மீறிட்டானே சார்!”

“அவனுக்குக் கல்லங்குறிச்சி எங்க இருக்குன்னு தெரியுமா? தெரியாம செஞ்சுட்டான்.”

கடைசியில் மறுபடி பூக்கட்டிப் பார்ப்பதென்று முடிவானது. மனைவி பொன்னாயியும் கூட வந்தாள். இந்தத் தடவை பொட்டலம் மடித்தது வெற்றிச்செல்வி. சம்பங்கி வந்தது. சென்டர் பிழைத்த சந்தோஷத்தில் பிச்சைமுத்து மற்றப் பொட்டலத்தையும் பிரித்தார்.

“என்னம்மா, இதுலயும் சம்பங்கி?”

“பெருமாள் அவ்ளோ உறுதியா இருக்காரு சார்.”

“சாமிகிட்டயே தில்லுமுல்லா? போன வருஷம் எவ்வளவு முறையா நடந்துச்சு!”

பொன்னாயி முந்தானையைத் திருகினாள். “ஏங்க… போன வருஷம் கடையில சம்பங்கியே இல்லீங்க. பஸ் போயிடும் பஸ் போயிடும்னு நீங்க கத்துனீங்களா, ரெண்டுலயும் ரோஜாவத்தான் மடிச்சேன்.”

பிச்சைமுத்து கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார். “நம்ம கல்யாணத்துக்கு யாரு மடிச்சா?” என்றார்.

“எங்க சித்தப்பா.”

அவர் வெற்றிச்செல்வி பக்கம் திரும்பினார். “இந்த ஜாவாவ மடிக்கிறது யாரும்மா?”

“அதுவும் அமெரிக்கக் கம்பெனிதான் சார்.”

மறுநாள் போர்டு எழுதுகிறவர் பெயிண்டோடு வந்து, என்ன எழுத வேண்டும் என்றார்.

“‘பெருமாள் உத்தரவு பெற்ற’ங்கறது அப்படியே இருக்கட்டும். மிச்ச இடத்துக்குக் கரும்பலகைப் பெயிண்ட் அடிச்சிடுங்க” என்றார் பிச்சைமுத்து.

காய்ந்ததும் வெற்றிச்செல்வி ஸ்டூல் போட்டு ஏறி, சாக்பீஸால் ‘ஜாவா’ என்று எழுதினாள். ஒருத்தரும் திருச்சிக்குப் போகவில்லை.