சைனபுக்கு நான் வைத்த முடிவு

1961ஆம் ஆண்டு நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி பதினாறு நிமிடம். எங்கள் வீட்டுக் கடிகாரம் பத்து இருபது காட்டியது. அது நான்கு நிமிடம் முந்தி ஓடும், கழித்து எழுதுகிறேன். மூன்றாம் நாளாகத் தூறல். ஜமுனாமரத்தூரில் எதிர்வீட்டுக் கூரை தெரியாத அளவுக்குப் பனி இறங்கியிருந்தது. அந்த நேரத்தில்தான் என் குப்பி திரைக்குப் பின்னாலிருந்து இரண்டு சொல் பேசினாள். அப்பாவை நாங்கள் அத்தா என்போம், அவர் தங்கையைக் குப்பி என்போம். அந்த இரண்டு சொல்லுக்கும் நான்தான் காரணம் என்று அதன் பிறகு நாற்பத்தொன்பது வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் வாணியம்பாடி. தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். அதை மலையில் வாங்கிக் கீழே அனுப்புவது அத்தாவின் தொழில். கடுக்காய்க் காலம் வந்தால் குடும்பமே மலையேறிவிடும். எனக்கு அப்போது ஒன்பது வயது, குப்பிக்குப் பத்தொன்பது. அவள் குர்ஆன் ஓதுவாள். அரபு எழுத்தில் எழுதிய தமிழையும் தடங்கலில்லாமல் படிப்பாள். ஆனால் தமிழ் எழுத்து தெரியாது. தமிழ் அச்சில் எது கிடைத்தாலும் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

அந்த வருடம் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒரு புத்தகம் இரவல் கொடுத்தார். ரஷ்யாவில் அச்சடித்த தமிழ்ப் புத்தகம், உள்ளே உஸ்பெக் நாட்டுக் கதைகள் மூன்று. முதல் வரியிலேயே யாரோ தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள், யாரோ கைகால் கழுவி ஒளுச் செய்தார்கள். குப்பி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“டேய், இவங்க நம்ம ஆளுங்கடா! எங்க கீது இந்த ஊரு?”

தெரியாது என்றேன். ரஷ்யா பக்கம் என்றேன். எதையும் எண்ணுவது எனக்கு அப்போதே இருந்த வியாதி. ஆகையால் கதைகளில் பெண்கள் எத்தனை முறை பேசுகிறார்கள் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். முதல் கதை மிகப் பழைய ஆள் எழுதியது. பதின்மூன்று வயதுப் பெண்ணை ஒரு நிலக்காரருக்கு மூன்றாம் மனைவியாகக் கட்டிக்கொடுக்கிறார்கள். கதை முழுக்க அவள் பேசுவது மூன்று தடவை, மூன்றும் அல்லாவிடம். குப்பி இரண்டு வேளை சாப்பிடவில்லை.

“அழுவறா, அழுவறா, அழுதுனே கீறா. இந்தப் பொண்ணுக்கு ஒரு பேரு கூடவா வெக்கல?”

புரட்டிப் பார்த்தேன். உண்மைதான். இருபத்திரண்டு பக்கத்திலும் ‘மகள்’, ‘மனைவி’, ‘அவள்’. குதிரைக்குக்கூடப் பெயர் இருந்தது.

இரண்டாவது கதை கொஞ்சம் பிந்தியது. அதில் பெண்ணுக்கு சைனப் என்று பெயர், இருபத்தாறு தடவை பேசுகிறாள். பிடிக்காத கல்யாணத்தை வேண்டாம் என்கிறாள், சந்தை நடுவில் நின்று முகத்திரையை எடுக்கிறாள். அண்ணன் கோடாலியோடு வருகிறான். குப்பி சமையலுக்கு எழுந்துபோன நேரத்தில் நான் அடுத்த பக்கத்தைத் திருட்டுத்தனமாகப் படித்துவிட்டேன். ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் சைனப் செத்துப்போகிறாள்.

இதை வாசித்தால் இவள் எத்தனை வேளை பட்டினி கிடப்பாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. பதினொரு சோற்றுப் பருக்கையை நசுக்கி ஐம்பத்தெட்டையும் ஐம்பத்தொன்பதையும் சேர்த்து ஒட்டினேன். குப்பி வந்து உட்கார்ந்ததும் நானே ஒரு முடிவு சொன்னேன். அண்ணன் தங்கையின் முகத்தைப் பார்த்தான். கோடாலியைக் கீழே போட்டான். மழை வருகிறது, வீட்டுக்குப் போகலாம் வா என்றான்.

குப்பி என் கையிலிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு, “அவ்ளோதானா?” என்றாள்.

“அவ்ளோதான்.”

மூன்றாவது கதை புதுக் காலத்து ஆள் எழுதியது. அதில் ஹலீமா என்ற பெண் கால்வாய் வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறாள், தண்ணீர் விடாத அதிகாரியைச் சந்தையில் நிறுத்திக் கேள்வி கேட்கிறாள். எழுபத்தொன்று வரை கோடு போட்டேன், அதற்கு மேல் பென்சில் முனை ஒடிந்துவிட்டது. குப்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “நம்ம ஊர்ல இருந்தா இவளுக்கு வாய்க்காரின்னே பேரு வெச்சிருப்பாங்க.”

அடுத்த வாரம் கீழேயிருந்து சம்பந்தம் பேச ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு நாற்பத்தோரு வயது, மனைவியை இழந்தவர், மூன்று பிள்ளைகள். எங்கள் குடும்பத்தில் பேச்சு முடிக்கும் நாளிலேயே இரண்டு சாட்சிகள் திரைக்கு முன்னால் வந்து பெண்ணிடம் மூன்று முறை சம்மதம் கேட்பார்கள். பெண் வாய் திறக்காமல் இருந்தால் சம்மதம் என்று வைத்துக்கொள்வார்கள். அதுவரை எந்தப் பெண்ணும் வாய் திறந்ததாகக் கணக்கில் இல்லை.

முதல் முறை கேட்டார்கள். அமைதி. இரண்டாம் முறை கேட்டார்கள். அமைதி. மூன்றாம் முறை கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமலே சாட்சிகள் திரும்பிவிட்டார்கள்.

“எனக்கு இஷ்டமில்லீங்க.”

கூடத்தில் பன்னிரண்டு ஆண்கள் இருந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா அத்தாவைப் பார்த்து, “இன்னா பாய், மலைக்காத்து பட்டதும் பொண்ணுக்கு வாய் மொளைச்சிடுச்சா?” என்றார். அத்தா எழுந்தார். அவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

வந்திருந்தவர்களில் ஒருவருக்கும் சைனபைத் தெரியாது. கதையின் மெய்யான முடிவு அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும், குப்பி நான் சொன்ன பொய் முடிவை நம்பிப் பேசிவிட்டாள். நான் கொல்லைப்பக்கம் ஓடினேன். விறகுக் குவியலில் சாய்த்திருந்த கோடாலியை இழுத்துக்கொண்டுபோய், வேலிக்கு அப்பால் இருந்த பள்ளத்தில் உருட்டிவிட்டேன். புதர்களை முறித்துக்கொண்டு அது போகும் சத்தம் அடங்குவதற்குள் அத்தா கொல்லைக்கு வந்துவிட்டார்.

“கோடாலி எங்கடா?”

அவர் காலைக் கட்டிக்கொண்டேன். “குப்பிய ஒண்ணும் பண்ணாத அத்தா! வேணாம் அத்தா!”

“இன்னாடா ஒளர்ற? வந்தவங்களுக்கு சோறு ஆவ வேணாமா? வெறகு பொளக்கணும், கோடாலி எங்க?”

சம்பந்தம் முறிந்தாலும் வந்தவர்களை வெறும் வயிற்றோடு மலையிறக்க அவருக்கு மனம் வரவில்லை. பக்கத்து மலைக்காரர் வீட்டில் கோடாலி இரவல் வாங்கி, தூறலில் நனைந்துகொண்டே அவரே விறகு பிளந்தார். முப்பத்தேழு துண்டு. தேவைக்கு அது இரண்டு மடங்கு. பன்னிரண்டாவது துண்டுக்குப் பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை மழைத்தண்ணீர் என்று எண்ணினேன்.

அதன் பிறகு ஒரு வருடம் ஏழு மாதம் அத்தா தங்கையோடு நேராகப் பேசவில்லை. எல்லாம் என் வழியாகத்தான். அவள் இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருப்பாள். “ஒன் குப்பிகிட்ட சொல்லு, கொழம்புல உப்பு கம்மி.” ஒருநாள் அதே குரலில், “ஒன் குப்பிகிட்ட சொல்லு, சிலேட்டு ஒண்ணு வாங்கியாந்து வெச்சிகீறேன், எழுத்து கத்துக்கட்டும்” என்றார். நான்தான் கற்றுக்கொடுத்தேன். நாற்பத்தோரு நாளில் 247 எழுத்தும் முடிந்தது. பின்னாளில் குப்பி கண்ணமங்கலத்தில் ஆசிரியையாக இருந்து, ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றாள். இடையில் அவளே சம்மதித்த ஒருவரைக் கல்யாணமும் செய்துகொண்டாள்.

2010இல் நானும் ஓய்வு பெற்று அவளைப் பார்க்கப் போனேன். பேச்சுவாக்கில் அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துவந்தாள். வாத்தியார் மாற்றலாகிப் போகும்போது அவளிடமே விட்டுப்போனாராம். ஐம்பத்தெட்டும் ஐம்பத்தொன்பதும் கிழியாமல் பிரிந்திருந்தன. சோற்றுக் கறை மட்டும் மிச்சம். எண்ணினேன், பதினொன்று.

“எழுத்து கத்துக்கினப்புறம் பிரிச்சியா?”

“நீ ஒட்டின மறுநாளே பிரிச்சேன். சோறு கொதிச்சினு இருந்திச்சி, ஆவில காட்டினேன், வந்துடுச்சி.”

“அப்போ உனக்கு எழுத்தே தெரியாதே.”

“எழுத்து எதுக்குடா? இதப் பாரு.”

ஐம்பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு படம். நான்கு பேர் தோளில் சவம் வைத்த சந்தூக்கைச் சுமந்து போகிறார்கள், கோடாலி தரையில் கிடக்கிறது. கோடுகளை எண்ணும் அவசரத்தில் நான் அந்தப் படத்தைச் சரியாகப் பார்த்ததேயில்லை.

“தெரிஞ்சினேதான் அன்னிக்கி வேணாம்னியா?”

குப்பி புத்தகத்தை மூடினாள். “நீ வெச்ச முடிவுதான்டா நல்லா இருந்திச்சி. எங்கண்ணனும் அப்பிடித்தான் செய்யும்னு தோணிச்சி.”

அத்தாவை நம்பி இரண்டு சொல் பேசியவள் அவள். அத்தாவுக்குப் பயந்து ஓடியவன் நான். அந்தக் கோடாலி பிறகு கிடைக்கவேயில்லை. புதிது வாங்க என் பெருநாள் காசிலிருந்து அத்தா எடுத்துக்கொண்டது மூன்று ரூபாய் எழுபத்தைந்து நயா பைசா.