அக்கா பேரில் வாங்கிய கிளவுஸ்

மரக்காணத்தில் என்னய்யா குளிர் என்று கேட்பவர்களை, தை மாதம் விடிகாலை ஐந்து மணிக்கு உப்பளத்து ரோட்டில் ஒருமுறை பைக் ஓட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். தரைக்கும் மச்சுக்கும் நடுவே கிளட்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் விரல்களைப் பற்றி ஒருத்தரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. இரண்டு பக்கமும் தேங்கிய தண்ணீர், அதன் மேல் பனி, நடுவில் நாம். அரை மணி நேரம் ஓட்டினால் விரல்கள் நம்முடையவை இல்லை.

ஆரோவில்லில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. ஆறு மணிக்கு நான்தான் கதவைத் திறக்க வேண்டும். வழியில் அக்காவை உப்பளத்தில் இறக்கிவிட்டுப் போவேன். மாமா இறந்த பிறகு அக்கா எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். பதினைந்து வருஷமாக உப்பள வேலை. வெயில் ஏறுவதற்குள் பாதி வேலையை முடித்துவிட வேண்டும் என்பதால் விடியும் முன்னே இறங்குவார்கள்.

கையைச் சூடாக வைத்துக்கொள்ள நான் செய்யாத வித்தை இல்லை. பழைய சாக்ஸை மாட்டிப் பார்த்தேன், கிளட்ச் வழுக்கியது. கேரி பேக்கைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டேன். உள்ளே வியர்த்து, அந்த ஈரமே குளிர்ந்து, பழைய குளிரே தேவலாம் என்றாகிவிட்டது. போதாததற்கு அந்தச் சரசர சத்தத்துக்கு ஊர் நாய்கள் எல்லாம் பின்னால் ஓடிவந்தன. கடைசியில், இடது கையைக் கீழே விட்டு இன்ஜின் பக்கத்தில் காட்டிக்கொண்டே ஒற்றைக் கையால் ஓட்டப் பழகினேன். ஒருநாள் பள்ளத்தில் வண்டி குதித்ததில் விரல் இன்ஜினில் பட்டுக் கொப்பளித்துவிட்டது.

"டேய், ரெண்டு கையாலயும் புடிச்சு ஓட்டுடா. பின்னாடி நான் ஒருத்தி உக்காந்திருக்கேன்" என்று அக்கா முதுகில் ஒன்று வைத்தாள்.

அந்த வாரம்தான் அது நடந்தது. கெஸ்ட் ஹவுஸில் விருந்தாளி பெயரை நோட்டில் எழுதப் போனேன், பேனா விரலில் நிற்காமல் கீழே விழுந்தது. எடுத்தேன், மறுபடியும் விழுந்தது. நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்கார அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷத்துக்கு மேல் இங்கேயே இருப்பவர், சமையல்கட்டில் கற்றுக்கொண்ட தமிழ் பேசுவார்.

"என்ன, குளிரா?" என்றார். "இது குளிரா? எங்க ஊர்ல இப்ப ரோட்டுல ஐஸ்!"

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவர் சிரித்தார். சமையல்காரரும் எட்டிப் பார்த்து, "அண்ணனுக்கு ஒரு கம்பளி வாங்கிக் குடுங்கம்மா" என்றார். நாற்பத்தி மூன்று வயது ஆம்பிளை நான். எனக்குக் கை குளிர்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. வாய் சும்மாவும் இருக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. எங்க அக்காவ நெனச்சுக்கிட்டு இருந்தேன். அவங்க கைய நெனச்சாத்தான்..." என்றேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். திறந்த வாயை நான் மூடவில்லை. உப்புத் தண்ணீரில் கை எப்படி வெடிக்கும், வெடிப்பில் மறுபடியும் உப்பு ஏறினால் எப்படி எரியும், ராத்திரி விளக்கெண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டு படுப்பது எல்லாம் சொன்னேன். என் மனைவியிடம்கூட நான் அக்காவின் கையைப் பற்றி இவ்வளவு பேசியதில்லை. அந்த அம்மாவுக்குக் கண் கலங்கியது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சேதி சொல்லத் தெரிந்தவன்தான் நான் என்று.

ஒரு வாரம் கழித்து ஒரு பையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உள்ளே கிளவுஸ். வெளியே கறுப்பு ரப்பர், உள்ளே பஞ்சு மாதிரி மெத்தென்ற துணி, மணிக்கட்டைத் தாண்டி ஏறும் நீளம். "அக்காவுக்கு. சைஸ் தெரியல, பெரிசா வாங்கினேன்" என்றார்.

அக்காவிடம் கொடுத்துவிடத்தான் நினைத்தேன். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் நீங்கள் நம்ப வேண்டாம், நானே நம்புவதில்லை. மறுநாள் விடிகாலை வண்டியை வெளியே எடுத்தபோது, சும்மா ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே என்று மாட்டினேன். அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. அக்கா சாப்பாட்டுப் பையோடு வந்தாள்.

"ஏதுடா இது?"

"ஆபீஸ்ல எல்லாருக்கும் குடுத்தாங்க."

அவள் ஒன்றை என் கையிலிருந்து கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். விரல் வெடிப்பில் துணியின் நூல் மாட்டிக்கொண்டது. மெதுவாக விடுவித்துவிட்டு, "நல்லா இருக்குதுடா. இனிமே கைய இன்ஜின்ல வெக்க மாட்ட" என்றாள். நிஜமாகவே சந்தோஷமாகச் சொன்னாள்.

அன்றைக்குக் கழுவெளி ஏரிக் காற்று எவ்வளவோ அடித்தும் என் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. பத்து விரலும் சொன்ன பேச்சைக் கேட்டன. பின்னால் உட்கார்ந்திருந்தவள் ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் பையையும் பிடித்துக்கொண்டு வந்தாள், அதே காற்றில், வெறுங்கையோடு.

மனசு உறுத்தவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் காரணங்களுக்கா பஞ்சம்? உப்பளத்தில் எந்தப் பொம்பளை கிளவுஸ் போடுகிறாள்? பலகையைப் பிடித்து உப்பு வாரும்போது வழுக்காதா? கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் பண்ண மாட்டார்களா? அதுவும் இவ்வளவு பெரிய சைஸ். அவளுக்காகவே நான் போட்டுக்கொண்டிருப்பது போல ஆகிவிட்டது.

அந்த அம்மா அவ்வப்போது கேட்பார். "அக்காவுக்குப் புடிச்சிருக்கா?"

"ரொம்பம்மா. தினமும் அதப் போட்டுக்கிட்டுத்தான் எறங்குறாங்க."

"வெடிப்பு?"

"ஆறிடுச்சும்மா."

ஒரே வார்த்தையில் பதினைந்து வருஷத்து வெடிப்பை ஆற்றிவிட்டேன். எந்த வைத்தியனுக்கும் வராத கை எனக்கு.

மாசி பிறந்து, உப்பு வாரத் தொடங்கியிருந்த நேரம். ஒரு வெள்ளிக்கிழமை அந்த அம்மா, கழுவெளிக்குப் பறவை பார்க்கப் போவதாகவும், போகிற வழியில் அக்காவை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போக ஆசை என்றும் சொன்னார். அக்கா லீவு என்றேன். அப்படியானால் நாளைக்கு என்றார். நாளைக்கும் லீவு என்று சொல்ல எனக்கே அசிங்கமாக இருந்தது.

மறுநாள் ஒன்பது மணிக்கு அவர் மொபெட்டில் முன்னால் போக, நான் பைக்கில் பின்னால் போனேன். கிளவுஸைக் கழற்றி சீட்டுக்கு அடியில் திணித்திருந்தேன். அக்காவுக்குச் சொல்லிவைக்க நேரம் இல்லை. நிஜத்தைச் சொன்னால், நேரம் இருந்தது. காலையில் கால் மணி நேரம் அவள் என் முதுகுக்குப் பின்னால்தான் உட்கார்ந்து வந்தாள். சொல்லத் தைரியம்தான் இல்லை.

வரப்பில் நடந்து போனோம். அக்கா முழங்கால் வரைக்கும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பலகையால் உப்பை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் சேலையை இறக்கிவிட்டு மேலே வந்தாள்.

"வணக்கம்மா. நான் கிளவுஸ் குடுத்தேனே, அந்த அம்மா" என்றார் அவர். அக்காவின் கையைப் பார்த்துவிட்டு, "இன்னைக்குப் போடலையா?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். நான் தண்ணீரில் உப்புப் பூத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நேத்து தொவச்சிப் போட்டங்க, இன்னும் காயல" என்றாள் அக்கா. "பனி பாருங்க. ரொம்ப நல்லா இருக்குதுங்க. உள்ள பஞ்சு மாதிரி இருக்குது." சொல்லும்போதே இரண்டு கையையும் முந்தானையில் சுருட்டிக்கொண்டாள், ஆறிப்போனதாகச் சொன்ன வெடிப்பு தெரிந்துவிடாமல். அப்படி நான் சொல்லியிருப்பேன் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? என்னைத் தெரிந்தவள், அவ்வளவுதான்.

அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. விடைபெறும்போது அக்காவின் தோளைத் தொட்டு, "இப்ப கையால சாப்பிட முடியுதா? தம்பி சொன்னாங்க. கொழம்பு பட்டா எரியும், அதனால ஸ்பூன்லதான் சாப்பிடுவீங்கன்னு. எனக்கு அன்னைக்குத் தூக்கமே வரல" என்றார்.

அக்காவின் முகத்தை அப்போது பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் அக்கா ஒருத்திதான் ஸ்பூனில் சாப்பிடுவாள். அதைச் சொல்லிக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. "தொரசாணிக்கு ஸ்பூன் எடுத்துட்டு வாங்கடா" என்று பிள்ளைகளை ஏவுவதே நான்தான். பிள்ளைகள் சிரிக்கும், என் மனைவி சிரிப்பாள், அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். காரணம் எங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தெரிந்துகொண்டேதான் ஒருத்தன் சிரித்திருக்கிறான் என்று அவளுக்கு அன்றைக்கு வரப்பில் நின்றுகொண்டிருக்கும்போது ஒரு வெளியாள் வாயால் தெரிந்தது.

"முடியுதுங்க" என்றாள் அக்கா.

சாயங்காலம் கிளவுஸை எடுத்துக்கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். "அக்கா, இது ஒனக்குத்தான் குடுத்தாங்க" என்றேன்.

"எனக்கு எதுக்குடா? உப்புல நாலு நாள் தாங்காது. நீ போட்டுக்க" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். கிளவுஸை என் பக்கம் தள்ளிவிட்டு, "குளுருதுன்னா குளுருதுன்னு சொல்ல வேண்டியதுதானே. அதுல என்னடா வெக்கம்?" என்றாள். ஸ்பூனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் காலில் விழுந்திருப்பேன், அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, மிளகாய் தூக்கலாக. சின்னவன் வழக்கம்போல எழுந்து ஓடி ஸ்பூனை எடுத்துவந்து, "தொரசாணி ஸ்பூன்" என்று நீட்டினான். அக்கா அதை வாங்கித் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். பிறகு சோற்றில் குழம்பை ஊற்றி, அஞ்சு விரலாலும் பிசைந்தாள்.

பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஆங், அத்த கையால சாப்புடுது" என்று கை தட்டினார்கள். அக்கா நிமிரவே இல்லை. ஒவ்வொரு பிடியாக உருட்டி, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்து, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். கொல்லையில் குழாயடியில் அவள் கையைக் கழுவிக்கொண்டே இருக்கும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.