அர்ச்சுனன் கங்காணியின் சுத்தம்

சாத்தூர்க் கரிசலில் பிறந்த அர்ச்சுனன் கங்காணிக்குப் புல்லைக் கண்டால் ஆகாது. மலாயாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் எட்டாம் நம்பர் மலைச்சரிவு அவர் பொறுப்பு. களை வெட்ட இருபது பெண்கள். மரங்களுக்கு நடுவே பச்சை தெரிந்தால் ஏசுவார்.

1916இல் காடு அழித்த புதிதில் மண் கறுப்பாக இருந்தது. அள்ளிப் பார்த்து, "நம்ம ஊரு மண்ணு" என்றார். அந்த மண்ணைப் பற்றி அவர் யோசித்தது அவ்வளவுதான். சாத்தூர் சமதரை, மழையும் அபூர்வம். இங்கே மத்தியானம்தோறும் கொட்டும். சுரண்டிய சரிவில் கறுப்பு கரைந்து இறங்கிற்று. ஐந்து வருஷத்தில் செம்மண் தெரிந்தது, பிறகு வேர்கள். வேர்களுக்கு இடையிலும் சுரண்டச் சொன்னார். வெறுந்தரை வெள்ளைக்காரத் துரைக்குப் பிடிக்கும். துரைக்குப் பிடித்தால் பெரிய கங்காணி ஆகலாம். அதற்கான கோட்டு ஒன்றை ஈப்போ டவுனில் முன்கூட்டியே தைத்து வைத்திருந்தார்.

1923இல் துரை பார்வையிட வருவதாகச் சொல்லியனுப்பிய வாரம், பெருமழையில் பதினோரு மரங்கள் வேரோடு சாய்ந்தன. கங்காணி பயந்தார். பள்ளத்திலிருந்து மண்ணைக் கூடையில் சுமந்துவந்து வேர்களை மூடச் சொன்னார். நாலு நாள் சுமந்தார்கள். ஒரே மழையில் அது திரும்பிப் போயிற்று.

களை வெட்டும் செல்லாயி அவரை மேல் மூலைக்குக் கூட்டிப்போனாள். உடம்பு கனத்த கங்காணி அதுவரை ஏறாத இடம். அங்கே அவள் சரிவுக்குக் குறுக்கே இரண்டு முழ அகலத்துக்குப் புல்லை விட்டிருந்தாள். அதன் மேற்புறம் மண் இன்னும் கறுப்பாக நின்றது.

"புல்லுதான் புடிச்சு வச்சிருக்கு அண்ணே. எல்லா நிரையிலயும் விடலாம்."

அவர் குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது.

"நம்ம ஊர்ல புல்லு விட்டவன சோம்பேறிம்பாங்க."

"நம்ம ஊரு மலையிலயா இருக்கு?"

மறுநாள் துரை மேல் மூலை வரை ஏறினார். கைத்தடியால் புல்லைச் சுட்டி, இது என்ன என்று கேட்டார். செல்லாயி கங்காணியைப் பார்த்தாள். அவர் கோட்டோடு மண்டியிட்டு இரண்டு கையாலும் புல்லைப் பிடுங்கினார். கறுப்பு மண் கட்டி கட்டியாகக் கூடவே வந்தது. துரை தலையசைத்தார்.

தீபாவளிக்குள் அவர் பெரிய கங்காணி. செல்லாயி தெற்கே சுங்காய் என்ற ஊர்த் தோட்டத்துக்குப் போய்விட்டாள். மேல் மூலை மரங்கள் அடுத்த வருஷம் சாய்ந்தன. பால் குறைந்ததும் துரை எட்டாம் நம்பரைக் கைவிட்டார்.

பெரிய கங்காணியின் வீடு மலையடியில். மழைக்காலத்தில் ஓடை மண் தூர்ந்து, பொங்கி, அவர் வாசலில் சேற்றைத் தள்ளிவிட்டுப் போகும். அதையும் ஆள் வைத்துச் சுரண்டினார்.