கறுத்த மூஞ்சிப் பூனையும் என் வீட்டுக்காரரும்

போன வருடம், மே மாத மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது இது. றக்வானை பஜாரில் எங்களுக்கு ஒரு சின்னப் பலசரக்குக் கடை இருக்கிறது. கடைக்குப் பின்னால் சாமான் அறை, மேலே வீடு.

அன்று சாமான் அறையிலிருந்து என் வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில், சாமான் வாங்க வந்தவர்களே பயந்துபோனார்கள். ஓடிப் போய்ப் பார்த்தால், கட்டைவிரலுக்குக் கீழே பல் பதிந்து ரத்தம் வடிகிறது. கருவாட்டுப் பெட்டிக்குப் பின்னால் இருந்த பூனையைத் தூக்கி வெளியே விடப் போனாராம். கடித்துவிட்டு அது ஜன்னல் வழியாகப் பாய்ந்துவிட்டது.

வேறு பூனையாக இருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பார். ஆனால் இதற்கு உடம்பெல்லாம் பால் நிறம், முகமும் காதும் காலும் வாலும் மட்டும் கருகிய மாதிரி, கண் நீலம். பஜாரில் அப்படி ஒரே ஒரு பூனைதான் உண்டு, அது பக்கத்து வீட்டு டீச்சரின் சயாமீஸ் பூனை என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டி வைத்திருந்தோம். கடைக்கு வருகிறவர்களிடம் அதன் பெருமையை அளந்து விடுவதே என் வீட்டுக்காரர்தான். அதனால்தான் அவ்வளவு மரியாதையாகத் தூக்கப் போயிருக்கிறார்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம், வாங்க" என்றேன். இவருக்கு ஊசி என்றாலே பயம்.

"அது டீச்சரோட பூனைம்மா. ஜாதிப் பூனை. வருஷா வருஷம் ஊசி போடுறாங்க. அதுக்குப் போட்டா போதாதா, எனக்கும் வேற போடணுமா?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானும் சரியென்று விட்டுவிட்டேன். இவர் காயத்தில் கோப்பித்தூளை அப்பிக்கொண்டு கல்லாவில் போய் உட்கார்ந்துவிட்டார்.

பகல் சாப்பாடு முடிந்ததும், டீச்சர் காதில் ஒரு வார்த்தை போட்டுவைப்போம் என்று போனேன். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவர். பூனை கட்டிலில் சுருண்டு கிடந்தது. வயிற்றில் தையல், கழுத்தைச் சுற்றிப் புனல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் வளையம்.

"முந்தநாள்தான் இரத்தினபுரிக்குக் கொண்டுபோய் ஒப்பரேஷன் செய்விச்சனான் அக்கா. இந்தப் புனலோட அதால சாப்பிடவே ஏலாமக் கிடக்கு. அது எங்க போய்க் கடிக்கிறது?"

"அப்ப எங்க வீட்டுக்காரரக் கடிச்ச சயாமீஸ் யாரோடது டீச்சர்?"

டீச்சர் சிரித்தே விட்டார். "இது சயாமீஸ் எண்டு ஆர் சொன்னது? மீன்கடைக்குப் பின்னால கிடந்த குட்டி. நிறம் வேற, இனம் வேற எண்டு மிருக வைத்தியரே சொன்னவர். தெருப்பூனைக்கும் இப்பிடி நிறம் விழுமாம். இதோட கூடப் பிறந்தது இதே நிறத்தில இன்னொண்டும் அங்க நிண்டது..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. கடித்தது ஊசியையே கண்டிராத தெருப்பூனை. நாய் மட்டுமல்ல, விசர், அதாவது வெறிநோய், பிடித்த பூனை கடித்தாலும் ஆபத்துதான், நோய் வெளியே தெரிந்த பிறகு ஆளைக் காப்பாற்றவே முடியாது என்று டீச்சர் சொன்னார். நான் எப்படிக் கடைக்கு வந்து சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது.

இவர் கையைக் குழாயடியில் பிடித்து, டீச்சர் சொன்னபடி சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன்.

"ஒரு பூனைக்காகவா கடைய சாத்துறது?" என்றார்.

"பூனைக்காக இல்லங்க, உங்களுக்காக!" என்று ஆட்கள் முன்னாலேயே கத்திவிட்டேன். அதற்குப் பிறகுதான் ஆட்டோவில் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் நன்றாகத் திட்டிவிட்டு ஊசியைப் போட்டார். பிறகு, "பூசா இன்னவத?" என்று சிங்களத்தில் கேட்டார். பூனை இருக்கிறதா என்று. ஊசியைத் தவறாமல் போட வேண்டும், பூனை மீதும் ஒரு கண் வைக்க வேண்டும், இரண்டு வாரம் அது சுகமாக இருந்தால் பயமில்லை என்று விளக்கினார்.

அன்றிலிருந்து என் தாலி ஒரு திருட்டுப் பூனையின் கழுத்தில் தொங்கியது. டீச்சர் சொன்ன அந்த இன்னொரு பூனை மீன்கடையில், மீன் வெட்டும் மேசைக்கடியில்தான் குடியிருந்தது. தினமும் அதற்குத் தீனி வாங்கிப் போட்டேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போதுகூட மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். ஐயர் யார் பெயருக்கு அர்ச்சனை என்று கேட்டார். பூனைக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. இவர் பெயரைச் சொல்லிவிட்டு, மனதுக்குள் பூனையை நினைத்துக்கொண்டேன். மீன்கடைக்காரர் சிங்களவர், நல்ல மனுஷன். காலையில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றே, "பூசா ஹொந்தாய், அக்கே!" என்று குரல் கொடுப்பார். பூனை சுகம் என்பதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தேத்தண்ணி இறங்கும்.

ஒரு நாள் அந்தக் குரல் வரவில்லை. இரவெல்லாம் அடைமழை, காலையில் பூனையைக் காணவில்லை. அன்று இவர் வியாபாரத்தில் மனம் வைக்கவே இல்லை. மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி, "எனக்கு ஏதும் ஆச்சுன்னா கடைய மட்டும் வித்துறாத" என்றார். அதுவரை அழாத நான், எழுந்துபோய்ச் சமையலறையில் நின்று அழுதேன்.

பின்னேரம் இவரே குடையை எடுத்துக்கொண்டு தேடப் போனார். திரும்பி வரும்போது வாசலிலேயே, "பூசா ஹொந்தாய்!" என்று கத்தினார். மீன் லொறியின் சீட்டில் ஏறிச் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்ததாம். எலியும் பிடித்திருந்ததாம். நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை.

இரண்டு வாரமும் கடந்தன. இனி ஊசி வேண்டாம், பயமில்லை என்று டொக்டர் சொன்னதும் இவர் ஆஸ்பத்திரி வாங்கில் தொப்பென்று உட்கார்ந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குதும்மா" என்றார். அந்தப் பூனைக்கும் டீச்சர் ஊசி போடுவித்துவிட்டார்.

இப்போதும் யாராவது ஒரு பூனையைக் காட்டி நல்ல ஜாதி என்று சொன்னால், ஊசி போட்டதா என்றுதான் நான் முதலில் கேட்கிறேன். காலையில் கடையைத் திறந்ததும் இவர் யாரோடாவது வாயாடுவது மேலே சமையலறைக்குக் கேட்கும். முன்பெல்லாம் எரிச்சல் வரும், இப்போது அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு அடுப்படியில் கை ஓடுகிறது.