அம்மாவின் முகம் வீங்கிய நாள்

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம். அம்மாவுக்கு உதடும் கண்ணிமையும் வீங்கியபோது, "இறால்தான் ஒத்துக்கல" என்று நானே முடிவு செய்து, வீட்டில் இறால் வாங்குவதை நிறுத்தினேன்.

அடுத்த வாரம் உப்பள வேலையிலிருந்து வந்த அம்மாவின் முகம் மறுபடியும் வீங்கியிருந்தது. நாக்கு தடித்து, மூச்சு இழுத்தது. ஆட்டோ பிடித்து மரக்காணம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ஊசி போட்டு மூச்சு சீரானதும் டாக்டர் கேட்டார். "வலி மாத்திரை ஏதாவது போட்டீங்களாம்மா?"

"இவளக் கொஞ்சம் வெளிய அனுப்புங்க டாக்டரம்மா."

"ஏன், பொண்ணு அடிச்சிடுவாளா?"

"அடிக்க மாட்டா. உப்பளத்துக்கே போவாதன்னு அழுவா. இவ படிப்பு இன்னும் ஒரு வருசம் இருக்குது."

உப்பு வாருகிற பெண்கள் பலர் காலை டீயோடு வலி மாத்திரையும் போட்டுக்கொள்வார்கள். அம்மாவும் எனக்குத் தெரியாமல் போட்டிருக்கிறாள்.

டாக்டர் திட்டவில்லை. "இறால், பூச்சிக்கடி, எதுனாலயும் இப்படி வீங்கலாம். உங்களுக்கு இந்த மாத்திரைதான் போல. இனிமே தொடாதீங்க, தொண்ட அடைச்சிக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும், "எங்க வலிக்குதும்மா?" என்றேன். இத்தனை வருடத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. அம்மா திரும்பி உட்கார்ந்து இடுப்பைக் காட்டினாள்.